ஐஸ் மேல் சோற்றுப் பானை

குளிர் நாட்டு ஊரான ஸ்கீவயில் செல்வி அக்கா வீட்டுப் பின்வளவில் நிற்பது நான், என்னைக் காரில் கூட்டிவந்த ராசன் அண்ணை, செல்வி அக்கா. முன்னால் ஐஸ் மூடிய அக்காவின் மீன் குளம். மீன்களுக்குக் காற்றுப் போக ஐஸில் விட்டிருந்த ஓட்டையும் உறைந்துவிட்டது. அண்ணை கோடரியை ஓங்குகிறார்.

“மீன் வெட்டுறது குசினியில அண்ணை,” என்கிறார் அக்கா. “இதில அடிச்சால் அந்த அதிர்விலயே எல்லாம் செத்துப்போகும்.”

“அப்ப பாத்துக்கொண்டு நிக்கிறதே?”

“இல்லை. சுடுதண்ணி தூக்குங்கோ.”

சோற்றுப் பானையில் கொதிநீர் நிரப்பி ஐஸ் மேல் வைக்கிறோம். ஆறினால் மாற்றுகிறோம். விரல்கள் விறைக்கின்றன. தண்ணீர் எடுக்கத் தவிர ஒருவரும் உள்ளே போகவில்லை. நான்காவது பானைக்கு ஐஸ் வட்டமாய் உருகித் திறக்கிறது. அடியில் மீன்கள் அப்படியே கிடக்கின்றன. செவுள் மட்டும் அசைகிறது. அக்கா முழங்காலில் நின்று எண்ணுகிறார். செத்தது ஒன்றுமில்லை. உயிரோடு பதினொன்று.