செருப்புக் கடைச் சுவரில் ஒரு கண் பரிசோதனை

நாற்பத்தாறு வயதில் என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பவர். அக்கா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவள். அவள் குரலுக்குக் கிளம்பிய பேருந்துகூட ஒரு நிமிஷம் தயங்கும். ஆனால் எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஓட்டுநர்களே அவள் உட்கார்ந்திருக்கும் அறிவிப்புக் கூண்டுக்கு வந்து, "அக்கா, நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பார்வை அவ்வளவு மோசம்.

கண்ணாடி போடச் சொன்னால் மட்டும் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். "கண்ணாடி போட்டா கிழவி மாதிரி இருப்பேன்டி" என்பாள். போடாமல் எப்படி இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியாது. முகம் பார்க்கும்போது தெரிகிற மங்கலை, தன்னுடைய இருபத்தைந்து வயது முகத்தால் நிரப்பிக்கொள்வாள். கொடுத்துவைத்தவள்.

செருப்புக் கடைக்காரர் கல்யாணப் பேச்சை எடுத்ததற்கும் அவளேதான் காரணம். போன வருஷம் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். வாங்கிக் குவித்த செருப்புகளைப் போட்டுத் தீர்க்க வேண்டுமானால் பூரானாகத்தான் பிறந்திருக்க வேண்டும்.

கல்யாண உடுப்பு எடுக்க அன்று இருவரும் துணிக்கடைக்குப் போனோம். அக்கா வழக்கம்போல் கையால் தடவித் தடவிப் பார்த்து, ஒரு சுருளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இதுதான்! என்ன வழவழப்பு பாரு. பூவெல்லாம் எவ்வளவு அழகா இருக்கு!"

"அம்மா, அது ஜன்னலுக்குப் போடுற துணிம்மா" என்றார் கடைக்காரர், மெதுவாக.

"ஜன்னலுக்கே இவ்வளவு நல்லா இருந்தா எனக்கு எப்படி இருக்கும்!"

பூக்கள் என்று அவள் சொன்னவை வாத்துகள். வரிசை வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கல்யாணத்தன்று இவள் வாத்துக் கூட்டத்தோடு வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு பேச்சும் கேட்காமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் தள்ளினேன்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையைத் தள்ளி மாட்ட உள்ளே இடமே இல்லை. அதனால் கண்ணாடிக்காரர் பலகையைத் தெருவுக்கு அந்தப் பக்கம், செருப்புக் கடையின் வெளிச்சுவரில் மாட்டியிருந்தார். நாம் இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, நடுவில் சைக்கிளும் தள்ளுவண்டியும் போக, இடைவெளி பார்த்துப் படிக்க வேண்டும். தெருவில் போகிற நல்ல மனசுக்காரர்கள் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படியே தேறிவிட்ட கண்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

கண்ணாடிக்காரர் அக்காவின் மூக்கில் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகினார். ஏதோ ஒரு வில்லையில் அவள் துள்ளி எழுந்தாள்.

"அடியே, அங்க வாசல்ல நிக்கிற துணிக்கடைக்காரருக்குப் புருவம் இருக்குடி! அட, உனக்கு லேசா மீசை இருக்கே, சொல்லவே இல்ல?"

எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளோ தெருவில் இருந்த பெயர்ப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்தாள். பிறகு மேசையில் இருந்த முகக் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது யாருடி?"

"நீதான்க்கா."

கன்னத்தைத் தொட்டாள். காதோர முடியைத் தொட்டாள்.

"இந்த மூஞ்சியையா அவர் கட்டிக்கிறேன்னு சொன்னாரு? பாவம், அவருக்கும் கண்ணு தெரியல போல. நாளைக்கு அவரும் கண்ணாடி போட்டுட்டா என் கதி என்ன? வேண்டாம்டி. கல்யாணத்தை நிறுத்திடு."

வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துச் செருப்புக் கடைக்காரர் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிச்சது போதும். இங்க வந்து உக்காருங்க. உங்க கண்ணைப் பரிசோதிக்கணும்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள் அக்கா.

மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார். பலகையை மேலிருந்து கீழ்வரை மூச்சு விடாமல் படித்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

"செல்லாது!" என்றாள் அக்கா. "உங்க கடைச் சுவத்துல தொங்குற பலகை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க."

"நியாயந்தான்" என்று தலையைச் சொறிந்தார் கண்ணாடிக்காரர். அவரிடம் வேறு பலகையும் இல்லை.

அக்கா விடுவிடுவென்று தெருவைக் கடந்தாள். "அம்மா, சட்டம்! சட்டம் போகுது!" என்று கண்ணாடிக்காரர் பதறினார். அவள் பலகையை மறைத்தபடி நின்றாள்.

"இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. பொய் சொன்னீங்க, இப்படியே வீட்டுக்குப் போயிடுவேன்."

அழகாக இருக்கிறாய் என்று மட்டும் சொல்லித் தொலைத்துவிடாதே மனுஷா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கண்ணை இடுக்கவில்லை. நிதானமாக ஆரம்பித்தார்.

"இடது காதுக்குப் பக்கத்துல நரை. வலது பக்கம் அதைவிட ஜாஸ்தி."

யாரோ "ஐயையோ" என்றார்கள்.

"கண்ணுக்குக் கீழ சுருக்கம். முன்பல்லு ஒண்ணு சாஞ்சிருக்கு. தாடையில ஒரு சின்னத் தழும்பு. மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில மாட்டியிருக்கீங்க."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அழுவுறீங்க."

"தூசி."

"தூசி இல்லீங்க."

தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"இதெல்லாம் எப்ப இருந்து தெரியும்?"

"நீங்க முதல் தடவை செருப்பு வாங்க வந்தீங்களே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"பாத்துட்டுத்தாங்க கேட்டேன்."

அக்கா தெருவைக் கடந்து திரும்பி வந்தாள். அதே பெஞ்சில் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து சரிந்த இரும்புச் சட்டத்தை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு, அவர் முகத்துக்கு வெகு அருகில் குனிந்தாள்.

"அசையாம இருங்க" என்றாள். "இப்ப நான் பாக்கணும்."