அடுப்புள்ள கூடாரமும் காலியான கூடாரமும்

சல்தனத் ஒரு தடவை பார்க்காமல் பெகாய்ம் தான் எழுதிய கணினி நிரல் எதையும் வெளியே விட்டதில்லை. மூன்று வருடமாக கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் இருவருக்கும் ஒரே அறை, அலுவலகத்தில் எதிரெதிர் மேஜை. மலை ஏரிக்கரைகளில் கம்பளிக் கூடாரம் பிடித்துத் தரும் வெப்சைட்டை அவர்கள்தான் கட்டினார்கள். கோடை முடிந்ததும் ஒருத்தியைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாக முதலாளி எர்கின் சொல்லியிருந்தார். பெகாய்முக்கு அது வேண்டும். தோர்தோய் சந்தையில் பனியில் நின்று கால்சட்டை விற்கும் அம்மாவை வீட்டில் உட்காரவைக்க வேண்டும்.

ஜூனில், சோங்கோல் ஏரியில், அவர்கள் வெப்சைட்டில் அடுப்பு கேட்டு வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு அடுப்பில்லாத கூடாரத்தில் இரவெல்லாம் குளிரில் நடுங்கியது.

வெப்சைட்டுக்குள் கூடாரக்காரர்களுக்கு ஓர் அட்டவணை, அவர்களுடைய கூடாரங்களுக்கு இன்னோர் அட்டவணை. அடுப்பு வேண்டும், அந்தத் தேதியில் காலியாகவும் வேண்டும் என்ற இரண்டையும் ஒரே ஃபில்டரில் எழுதினால், ஒரே கூடாரத்துக்கு இரண்டும் பொருந்தியாக வேண்டும். பெகாய்ம் இரண்டு ஃபில்டராகப் பிரித்து எழுதிவிட்டாள். ஏரிக்கரையில் கூடாரம் வாடகைக்கு விடும் உல்கானிடம் அடுப்புள்ள கூடாரம் ஒன்று, காலியான கூடாரம் வேறொன்று. அதுவே போதுமென்று அவர் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. குடும்பத்துக்குக் கிடைத்தது அந்தக் காலியான கூடாரம்.

"தப்பு என்னோடதுதான் அண்ணா," என்றாள் எர்கினிடம். "சல்தனத்தும் பாத்தா. அவ கண்ணுலயும் படல."

"படலையா? அவதான் எனக்கு எழுதியிருந்தாளே! நீங்களே பேசித் தீத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

திரையைத் திருப்பிக் காட்டினார். பெகாய்மின் ஃபில்டர் தப்பு, நான் சொல்லியும் கேட்கவில்லை என்றிருந்தது. தேதி மே பத்தொன்பது. அன்று மதியம் லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, "சூப்பரா இருக்குடி, வெளிய விடு" என்று சொன்னவள் சல்தனத்.

"இனிமே தலைமைப் பொறுப்ப அவ பாத்துக்கட்டும்," என்றார் எர்கின்.

பெகாய்ம் நேராக எதிர்மேஜைக்குப் போனாள்.

"எங்கிட்ட எப்பச் சொன்ன?"

சல்தனத் ஹெட்போனைக் கழற்றினாள். "சொல்லியிருந்தா அரை நிமிஷத்துல திருத்தியிருப்ப. அண்ணன் வழக்கம்போல ஒன்னத்தான் பாராட்டியிருப்பாரு."

"கைக்குழந்தடி அது."

"அதுக்கு ஒண்ணும் ஆகலயே. ரொம்பப் பண்ணாத."

பெகாய்ம் தன் மேஜைக்குத் திரும்பினாள். உட்கார்ந்து இரண்டு ஃபில்டரையும் ஒன்றாக்கி, வழக்கம்போல் பார்க்கச் சொல்லிச் சல்தனத்துக்கு அனுப்பினாள். ஒரே நிமிடத்தில் 'சரி' என்று வந்தது. அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. போனை எடுத்து உல்கானைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, பதினாலாம் தேதி அடுப்புக் கூடாரம் காலியா?"

"அது போயிருச்சு மகளே. சும்மா கெடக்குறது மத்தது."

அதே தேதிக்கு அடுப்போடு தேடிப் பார்த்தாள்; திரையில் உல்கான் பெயர் வரவில்லை. சரிதான். இன்னும் நாற்பது கூடாரக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய போன் எண்களை ஒரு தாளில் எழுதி, அடுத்தவரை அழைத்தாள்.

"பாதி எனக்குக் குடுடி, நானும் பேசுறேன்," என்று சல்தனத் கை நீட்டினாள்.

பெகாய்ம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.