புஷ்பராணியும் கொடிமலையின் பின்பக்கப் பாதைகளும்

1993 ஜனவரியில் பினாங்குக்கு மாற்றலாகி வந்தபோது புஷ்பராணியிடம் இரண்டு பெட்டிகளும் ஒரு மலைச் சைக்கிளும் இருந்தன. சிரம்பானிலிருந்து பட்டர்வொர்த் வரை சைக்கிள் ரயிலில் சாமான்களோடு வந்தது. அங்கிருந்து தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒருவர் தடித்த டயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்க பிள்ளையோடதா?" என்று கேட்டார்.

"என்னோடது."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார், டயரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பதினாறு வருடங்களாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அந்தச் சைக்கிள் உண்மையில் அவள் தம்பி வாங்கியது. நாலே நாளில் முதுகு வலிக்கிறது என்று அவன் அதைச் சுவரில் சாய்த்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் எடுத்து ஓட்டிப் பார்த்தாள். சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர் காட்டுக்குள் ஒரு செம்மண் பாதை அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. முகமெல்லாம் சேறாகத் திரும்பி வந்தவளைப் பார்த்து அம்மா யோகம்மா, "இந்த வயசுல உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். புஷ்பராணி முகத்தைக் கழுவினாள். அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் போகலாம் என்று அவள் மனம் அப்போதே கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. சைக்கிள் தம்பியிடம் திரும்பிப் போகவே இல்லை.

பினாங்கு வேலை ஒரு வருடத்துக்குத்தான். டத்தோ கிராமாட்டில் சித்தி ஹாஜரா என்ற தையற்காரம்மா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அவருடைய கணவர் இறந்து ஐந்து வருடமாகிறது, மகள் கோலாலம்பூரில். கூடத்தில் தையல் மெஷினும் துணி மூட்டைகளுமாக இருந்த இடத்தில் சைக்கிளைக் கண்டதும் சித்தி ஹாஜரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"லோரி டயர் மாதிரி இருக்கே. இத வச்சு எங்க போவ?"

"மலைக்கு."

"மலைக்கா? கொடிமலைக்கு ரயில் இருக்கு புஷ்பா. உக்காந்தா அதுவே ஏத்திவிடும்."

முதல் மூன்று ஞாயிறும் வீணாயின. சைக்கிள் கடையில் கேட்டால், கடலோரமாகத் தார்ச் சாலையில் போனால் நல்ல காற்று வரும் என்றார்கள். போனாள், காற்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தேடியது காற்றை இல்லை. அடுத்த வாரம் பூந்தோட்டத்திலிருந்து மலைக்கு ஏறும் ஜீப் பாதையில் மூச்சு வாங்க மிதித்து, பாதி வழியில் ஒரு கிளைப்பாதை தெரிந்ததும் ஆசையாக உள்ளே திரும்பினாள். அது நேராக ஒரு சீனரின் கீரைப் பாத்திக்குள் போய் முடிந்தது. மூன்று நாய்கள் அவளை மறுபடி தார்ச் சாலைவரை கொண்டுவந்து விட்டன. மூன்றாவது வாரம் நாள் முழுக்க மழை.

கடையில் வாங்கிய வரைபடத்தில் தீவின் நடுப்பகுதி வெறும் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைக்குள் ஆட்கள் வாழ்கிறார்கள், ஏதோ விளைகிறது, அது எப்படியோ கீழே இறங்கிச் சந்தைக்கு வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். எந்த வழியாக என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வழி தானாகவே எக்ஸ்ரே அறைக்குள் நடந்து வந்தது.

வந்தவர் பெயர் முகம்மது கனி. ஐம்பது வயதிருக்கும். மலைத் தோப்புகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் சுமை இறக்குகிறவர். இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"எப்படி விழுந்தீங்க அண்ணே?"

"ஜாதிக்காய்க் கூட ரெண்டு, பின்னால கட்டியிருந்தேன் மிஸ்ஸி. கல்லு நனைஞ்சிருந்துச்சு. சறுக்கிருச்சு."

"எந்த இடத்துல?"

"ஆயர் ஈத்தாம் அணைக்கு மேல. பாலிக் புலாவ் பக்கம் இறங்குற பாதை."

அவரை நிற்க வைத்துத் தோளைச் சரிசெய்துகொண்டிருந்த புஷ்பராணியின் கை நின்றது.

"பாதையா? எவ்வளவு அகலம்?"

"ஒரு மோட்டோர் போவும். எதுத்தாப்ல இன்னொண்ணு வந்தா ஒருத்தன் காட்டுக்குள்ள ஒதுங்கணும்."

"தாரா, மண்ணா?"

"மண்ணுதான். சில எடத்துல சிமெண்டு. ஏன் மிஸ்ஸி, எலும்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. மூச்சப் பிடிங்க." படம் எடுத்தாயிற்று. "விட்டுருங்க. அந்தப் பாதை எங்க தொடங்குது?"

காறை எலும்பு உடைந்திருந்தது. வலியோடிருந்தாலும் முகம்மது கனி நல்ல மனிதர். படம் கழுவி வரும்வரை, ஒரு பழைய எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். அணை, அதன் பின்னால் ஒரு சின்னக் கோயில், மூங்கில் புதர், இடப்பக்கம் பிரியும் படி. எதற்கு என்று கடைசியில் அவள் சொன்னதும் அவர் சிரிக்கப் பார்த்து, தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சைக்கிள்லயா? வேணாம் மிஸ்ஸி. மோட்டோர்லயே சூசா, ரொம்பக் கஷ்டம். அப்பறம் நீங்க இங்க படுப்பீங்க, படம் எடுக்க ஆள் இருக்காது."

அந்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பினாள். அணைவரை ஏற்றம் கொடுமையாக இருந்தது. கோயில் இருந்தது, மூங்கில் இருந்தது, படியும் இருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கி எட்டுப் படி ஏறினாள். அதற்கு மேல் மரநிழலில் ஈரமான மண்பாதை ஒன்று மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சக்கரத்துக்கடியில் இலைகள் நொறுங்கின. ஒரு பக்கம் கிராம்பு மரங்கள், மறுபக்கம் பள்ளத்தில் தண்ணீர்ச் சத்தம். ஒரு வளைவில் மரங்கள் விலகி, கீழே ஜார்ஜ் டவுன் முழுவதும், அதற்கப்பால் கடலும் ஃபெர்ரியும் தெரிந்தன. புஷ்பராணி இறங்கி நின்றாள். இரண்டரை மாதமாக இந்த ஊரில் அவள் யாரோடும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. இப்போது தனியாக நின்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே அறையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. விழுந்து அடிபட்டு யார் வந்தாலும், எங்கே விழுந்தீர்கள் என்று அவள் கேட்பாள். குளியலறையில் என்றால் அதோடு விட்டுவிடுவாள். மலையில் என்றால் வரைபடத்தை எடுப்பாள். தெலுக் பஹாங்கில் பலாமரத்திலிருந்து விழுந்தவர், பாயா தெருபோங்கில் கீரைக்கட்டோடு உருண்ட அம்மா, தண்ணீர்மலைக்கு மேலே காளான் பறிக்கப் போய்க் கணுக்கால் பிசகியவர். ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. அவளோடு வேலை பார்த்த பழனியப்பன், "உங்க படத்தப் பாத்தா மலைக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்பார். பச்சை மட்டும் இருந்த இடத்தில் மே மாதத்துக்குள் பதினொரு புள்ளிகள். புள்ளிகளுக்கிடையே அவளே ஓட்டிப் பார்த்துப் போட்ட கோடுகள்.

சித்தி ஹாஜராவும் மெல்ல இதற்குள் வந்துவிட்டார். புஷ்பராணியின் கால்சட்டை இரண்டு தடவை கிழிந்ததைப் பார்த்து, முழங்காலுக்கும் உட்காரும் இடத்துக்கும் இரட்டைத் துணி வைத்துத் தடிப்பாக ஒன்று தைத்துக் கொடுத்தார். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட நான் இவ்வளவு உள்துணி வச்சதில்ல" என்றார்.

ஜூன் மாதம் மலைக்கு மறுபக்கமிருக்கும் பாலிக் புலாவ் ஊர் வரை போய்விடுவது என்று முடிவு செய்தாள். மலைமுகட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கத் தொடங்கியதுமே காற்றில் டுரியான் பழ வாசம். விழும் பழத்தைத் தாங்க மரங்களுக்கடியில் வலை கட்டியிருந்தார்கள். ஒரு திருப்பத்தில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மலாய்க்கார அம்மா கையில் பாராங் கத்தியோடு பாதையின் நடுவில் நின்றார்.

"நில். யார் அனுப்பினது உன்னை?" என்று மலாயில் கேட்டார்.

யாரும் அனுப்பவில்லை, சும்மா சைக்கிள் ஓட்ட வந்தேன் என்று புஷ்பராணி சொன்னது அவருக்கு ஏறவே இல்லை. டுரியான் பருவத்தில் சும்மா வருகிறவர்கள் யாருமில்லை. போன வாரம்தான் ஒரே ராத்திரியில் நாற்பது பழம் போயிருக்கிறது. இந்தப் பாதையை யார் காட்டியது என்று அடுத்த கேள்வி வந்தது.

"முகம்மது கனி."

"எந்தக் கனி?"

புஷ்பராணிக்கு அவருடைய அப்பா பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள். "இடது காறை எலும்பு உடைஞ்சவர்."

அந்த அம்மா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "எலும்பு கூடிருச்சா?" என்று கேட்டார். கூடிவிட்டது, போன வாரம்தான் படம் எடுத்தேன், இன்னும் மூன்று வாரத்தில் மோட்டார் ஓட்டலாம் என்று புஷ்பராணி விவரமாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. அவர் பெயர் காமாரியா. தோப்பு அவருடையது. கனி இறக்க வேண்டிய சுமையை மூன்று மாதமாக மகன்கள் நடந்தே சுமந்துகொண்டிருந்தார்கள்.

தொப்பென்று பின்னால் ஒரு சத்தம். சைக்கிளிலிருந்து பத்தடி தூரத்தில் முள்ளும் பழமுமாக ஒன்று கிடந்தது. காமாரியா புஷ்பராணியின் ஹெல்மெட்டை விரலால் தட்டிப் பார்த்து, "இது இதுக்குத் தாங்காது" என்றார். காற்று அடங்கும்வரை குடிசைக்குள் உட்கார்ந்து இருவரும் அந்தப் பழத்தையே உடைத்துச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது காமாரியா தீர்ப்பைச் சொன்னார். ஜூன், ஜூலை பாதை எங்களுடையது. மற்ற பத்து மாதம் நீ ஓட்டிக்கொள். அன்றைக்கு வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

பருவம் முடிந்து செப்டம்பரில் மறுபடி போனபோது ஓடையின் மேல் போட்டிருந்த பலகை பாசி பிடித்திருந்தது. முன்சக்கரம் வழுக்கியதுதான் தெரியும். எழுந்தபோது வலது மணிக்கட்டு வேறு கோணத்தில் இருந்தது. எத்தனையோ படம் பார்த்தவள். எந்த எலும்பு, எந்த இடம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு கீரை லோரியில் ஏறி வந்து சேர்ந்தாள்.

பழனியப்பன்தான் படம் எடுத்தார். முகத்தை மிகவும் கடுமையாக வைத்துக்கொண்டு, "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் வரைபடத்தில் பன்னிரண்டாவது புள்ளியை வைத்தார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. சித்தி ஹாஜரா தலை வாரிவிட்டார், சோறு பிசைந்து கரண்டியோடு வைத்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மா தொலைபேசியில் போதும், வந்துவிடு என்றார். அந்த வாரமே அலுவலகக் கடிதமும் வந்தது. டிசம்பரோடு சிரம்பானுக்குத் திரும்பலாம், விரும்பினால் இங்கேயே நீடிக்கலாம்.

சிரம்பானில் அவள் யோகம்மாவின் கல்யாணமாகாத மூத்த மகள். பதினாறு வருடமும் அப்படித்தான் எல்லாரும் விசாரித்தார்கள், இரக்கத்தோடு. இங்கே மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாள் முகம்மது கனி ஒரு கூடை ஜாதிக்காயோடு வீட்டு வாசலில் வந்து நின்று, "சைக்கிள் மிஸ்ஸி வீடு இதானே?" என்று கேட்டார். பலகையை மாற்றிவிட்டதாகக் காமாரியா சொல்லி அனுப்பியிருந்தார். அவர் போன பிறகு புஷ்பராணி கடிதத்தை எடுத்து, நீடிக்க விரும்புகிறேன் என்ற இடத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணலாக இருந்தது. பழனியப்பன் அதைப் பார்த்து, "டாக்டர் ஆயிட்டீங்க போல" என்றார். ஒரு வருடம் என்று வந்தவள் பதினொரு வருடம் பினாங்கில் இருந்தாள்.

அடுத்த ஜனவரியில், மழை விட்ட ஒரு ஞாயிறு, மலையைக் குறுக்கே கடந்து பாலிக் புலாவ் போய்ச் சேருவதென்று மறுபடி கிளம்பினாள். "நான் பஸ்ல வந்து அங்க நிக்கிறேன். நீ வராட்டி ஆள் அனுப்பணும்ல" என்றார் சித்தி ஹாஜரா. மூங்கில், முகடு, புதுப் பலகை. காமாரியாவின் தோப்பில் நாய்கூடக் குரைக்கவில்லை; காமாரியா வேலியருகே நின்று, நிற்காதே, போ என்று கையை வீசினார். கடைசி இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டாள். கண்ணில் நீர் வந்தது காற்றினால்தான். சிமெண்டுப் பாதை, பிறகு வீடுகள், கோழிகள், பிறகு கடைத்தெரு.

சித்தி ஹாஜராவைக் காணோம். சந்தை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு கிளாஸ் ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் குடித்தாள். இரண்டாவது கிளாஸ் வாங்கும்போது மஞ்சள் பஸ் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் வெளுத்துப்போய், கம்பியைப் பிடித்தபடி சித்தி ஹாஜரா இறங்கினார்.

"என்னக்கா ஆச்சு?"

"எத்தன வளைவு தெரியுமா? ரெண்டு தடவ வாந்தி." பெஞ்சில் உட்கார்ந்து, புஷ்பராணியின் கையிலிருந்த சாற்றை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு சேறு அப்பிக் கிடந்த சைக்கிளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"பின்னால சீட்டு வைக்க முடியுமா இதுல?"

"முடியாதுக்கா."

"அப்ப நீ இதத் தள்ளிட்டு வா. நானும் நடந்தே வரேன். அந்த பஸ்ல மட்டும் ஏற மாட்டேன்லா."