கையைத் தூக்கினால் நிறுத்துவேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதக் கடைசியில் நடந்தது இது. நரிக்குடியில் விதை, உரம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் விதைப்பு தொடங்குகிற அந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் எங்களுக்கு வருடத்திலேயே முக்கியமான நாட்கள். காலையில் கடை திறந்தால், மத்தியானம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போக நேரம் இருக்காது.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்குப் பல்வலி வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கீழ்வரிசையில் வலதுபக்கக் கடவாய்ப்பல் சொத்தை. பால்பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப் போகிறது என்று நாங்களும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம். ஒருநாள் காலையில் எழுந்து வந்தவளுக்கு ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு, மனைவியையும் அவளையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பிள்ளைக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறோமே என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பல் டாக்டர் வயதானவர், நிதானமான ஆள். பார்த்துவிட்டு, "உள்ள சீழ் வச்சிருக்கு. அஞ்சு நாள் மருந்து குடுங்க. வீக்கம் வத்துனதும் எடுத்துக்கிருவோம்" என்றார்.

எனக்கு அது சரிப்படவில்லை. இன்னொரு நாள் கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் வர வேண்டும். "மரத்துப்போற ஊசியைப் போட்டு இன்னைக்கே எடுத்து விட்ருங்க டாக்டர். இன்னொரு தடவை வாரது கஷ்டம்" என்றேன். அவர் தயங்கினார், வேண்டாம் என்றுகூடச் சொன்னார். நான் விடவில்லை. பேசிப் பேசியே அவரைச் சம்மதிக்க வைத்தேன். இன்றுவரை அவரை நான் குறை சொல்வதில்லை.

மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குமாப்பா?" என்று கேட்டாள்.

"வலிக்கவே வலிக்காது தாயி" என்றேன்.

ஊசி குத்தும்போதே அலறிவிட்டாள். சிறிது நேரம் கழித்து டாக்டர் பல்லைக் குறட்டால் பிடித்ததும், "வலிக்குதுப்பா... வேணாம்ப்பா" என்று கால்களை உதறினாள். டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் விட்டிருப்பார்.

"ஊசிதான் போட்டாச்சே, வலிக்காது. இது பயத்துல கத்துது. நான் புடிச்சுக்கிறேன், நீங்க எடுங்க" என்றேன் நான்.

உர மூட்டை தூக்குகிற கை என்னுடையது. அந்தக் கையால் அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். அவள் கூரையைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கத்தினாள். பல் மேல்பாதி உடைந்து வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது. வாயெல்லாம் ரத்தம். "இதுக்கு மேல இன்னைக்கு வேணாம்" என்று டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார். மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் அம்மா மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் குளிப்பாட்டும்போது மனைவி என்னைக் கூப்பிட்டு, பிள்ளையின் மணிக்கட்டுகளைத் திருப்பிக் காட்டினாள். என் விரல்கள் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும், 'நல்லதுக்குத்தானே செய்தோம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

மருந்து குடித்ததில் வீக்கம் வற்றியது. வலிக்குதா என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டுவாள். மறுபடி டாக்டரிடம் போகலாமா என்றால் அழுதுகொண்டே உள் அறைக்கு ஓடிவிடுவாள். வலி இல்லை என்று அவளே சொல்கிறாளே, விதைப்பு முடியட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மூன்று வாரம் போயிருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் அவளுடைய வகுப்பு டீச்சர் கடைக்குப் போன் செய்தார்.

"ஒங்க பிள்ளை ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடுறதில்லைங்க. கொண்டு வாரதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் குடுத்துருது. கேட்டா பசிக்கலைங்குது. இன்னைக்குத் தொட்டுப் பாத்தேன், ஒடம்பு கொதிக்குது."

ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். தாடைக்குக் கீழே கல் மாதிரி ஒரு வீக்கம். கையை வைத்தாலே உடம்பு சுருங்கியது. "வலிக்குதா தாயி?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, "வலிக்கலப்பா" என்கிறாள். அவள் அலறியபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. வலிக்கவில்லை என்று அவள் சொன்னபோதுதான் ஆடிப்போனேன்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பாளையம்பட்டியில் ஒரு பல் டாக்டர் இருப்பதாக அந்த டீச்சர்தான் சொன்னார். "எங்க அக்கா பிள்ளைக்கு அவுகதான் பாத்தாக. பிள்ளைககிட்ட ரொம்பப் பொறுமையா இருப்பாக." அப்போதே மழையோடு மழையாகப் புறப்பட்டோம்.

போய்ப் பார்த்தால் சின்னப் பெண். படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதிகம். இவர் என்ன செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் மகளைப் பெரிய நாற்காலியில் ஏற்றவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும், "செத்த இருங்கண்ணே, பாப்பா சொல்லட்டும்" என்றார்.

மகள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "இன்னைக்குப் புடுங்குவீங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"ஊசி?"

"இன்னைக்கு ஊசியும் இல்ல. பாக்க மட்டும்தான் செய்வேன். எங்க வலிக்குதுன்னு நீ சொன்னாத்தான் நான் சரியான மருந்து குடுக்க முடியும்."

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, வாயைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடம் தனியாகச் சொன்னார். "நல்ல வேளை இன்னைக்கு வந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் கழுத்துக்கு எறங்கியிருக்கும். அப்புறம் மதுரைக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். நாளைக்குக் காலைலயும் காய்ச்சல் கொறையலைன்னா ஒடனே போன் பண்ணுங்க."

மறுநாள் காய்ச்சல் தணிந்தது. ஆறாம் நாள் வேரை எடுக்கப் போனோம். என் மனைவி பழக்கதோஷத்தில், "வலிக்காதுல்ல டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் மகளைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"ஊசி போடுறப்ப கொஞ்சம் வலிக்கும் பாப்பா. அதுக்கு முன்னாடி ஒரு மருந்து தடவுவேன், அதனால கொறைச்சலா இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும். அப்புறம் ஒதடு தடிச்ச மாதிரி ஆயிரும். பல்ல அசைக்கிறப்ப அமுக்குற மாதிரி இருக்கும், அது இருக்கத்தான் செய்யும். ஆனா சுருக்குன்னு வலிச்சா எடது கையத் தூக்கு. நீ கையத் தூக்குனா நான் நிப்பாட்டிருவேன்."

"நெசமாவா?"

"நெசமா. பக்கத்துல யாரு நிக்கணும்?"

"அம்மா" என்றாள். நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை டாக்டர் கையில் எடுத்ததுமே மகள் கையைத் தூக்கினாள். டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு, "என்ன செய்யுது?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுபடி எடுத்தார், மறுபடி கை. மூன்றாவது தடவையும் அப்படியே. வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"அவ சும்மா தூக்குறா டாக்டர்."

அவர் திரும்பிப் பார்க்காமலே, "தெரியும்ண்ணே. நான் நிப்பாட்டுறேனான்னு பாக்குறா. பாக்கட்டும்" என்றார்.

நாலாவது தடவை கை எழவில்லை. மருந்தைத் தடவி, ஊசியை மெதுவாக, மிக மெதுவாகப் போட்டார். மகள் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. ஆனால் அம்மாவோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். எட்டிலேயே ஊசி வெளியே வந்துவிட்டது. உதடு மரத்துப் போகும்வரை ஸ்கூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வேரை அசைக்க ஆரம்பித்தார்.

திடீரென்று மகளின் தோள் தூக்கிப் போட்டது. கை மேலே போனது. எனக்கு நாக்கு நுனிவரை அதே வார்த்தை வந்துவிட்டது, பயத்துல தூக்குறா என்று. நான் சொல்வதற்குள் டாக்டர் நிறுத்தியிருந்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மகள் நாக்குப் பக்கமாக விரலைக் காட்டினாள். அங்கே இன்னொரு முறை மருந்து போட்டு, பஞ்சை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "உள்பக்கம் இன்னும் மரத்துப் போகலண்ணே. பாப்பா சரியாத்தான் சொல்லுது. சீழ் வச்ச எடத்துல இந்த ஊசி லேசுல புடிக்காது. அதுக்குத்தான் முதல்ல மருந்து குடுத்து வத்த வைக்கிறது."

நான் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தேன். "அப்ப அன்னைக்கு... வீக்கத்தோட எடுத்தப்ப..."

"நல்லாவே வலிச்சிருக்கும்ண்ணே" என்றார். குத்திக் காட்டுகிற குரலில் அல்ல. கடையில் வந்து கேட்பவருக்கு நான் உரத்தின் பெயரைச் சொல்வேனே, அந்த மாதிரிதான் சொன்னார்.

பக்கத்துக் கட்டடத்தில் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில், திரும்பத் திரும்ப, நடப்பதை நடக்கிறபடியே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அந்த வயதான டாக்டர்கூட நின்று என்னைப் பார்த்தார். அது பொய் என்று சொன்னது நான். அவளுடைய வாயைப் பற்றி அவளைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கை எழவில்லை. இரண்டு துண்டாக வேர் வந்தது. மகள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

மனைவி மாத்திரை வாங்கப் போனாள். வாசல் பெஞ்சில் நானும் மகளும் மட்டும். அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் பேச முடியாது. நான் முன்னால் குனிந்து உட்கார்ந்து சொன்னேன்.

"தாயி, அன்னைக்கு ஒனக்கு நெசமாவே வலிச்சிருக்கு. அப்பாதான் நம்பல. வலிக்கவே வலிக்காதுன்னு சொன்னதும் பொய்தான். கையப் புடிச்சு அமுக்குனது தப்பு. மன்னிச்சுக்க."

வாழ்க்கையில் யாரிடமும் அந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்னதாக நினைவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். தலையைக்கூட அசைக்கவில்லை.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பஸ் திருச்சுழி தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் காட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பஞ்சை எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள், திரும்பாமலே, மரத்துப்போன உதட்டோடு குழறிக் குழறிச் சொன்னாள்.

"அப்பவே சொன்னேன்ல."

"ஆமா தாயி, சொன்ன" என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

அந்த ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. காய்ச்சலோ, கால் இடறி விழுந்ததோ, பல மாதங்கள் அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். எனக்கு மனைவி சொல்லித்தான் தெரியும். நானும் அவசரப்படவில்லை. ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு அவளாகவே என்னிடம் வந்தாள். "எப்படி வலிக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

இப்போது அவளுக்குப் பத்து வயது. பிள்ளை வலிக்குது என்று வந்து நின்றால் எந்த அப்பாவுக்கும் மனம் பதறும். எனக்கும் பதறுகிறது, ஆனால் என்னிடம் சொன்னால் நான் கேட்பேன் என்று நம்பி வந்திருக்கிறாளே என்ற நிம்மதி அந்தப் பதற்றத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறது.