பாத்திர அக்காவின் மனையியல் பரீட்சை

எங்கள் பள்ளியின் மனையியல் வகுப்பறையில் எட்டு கேஸ் அடுப்புகள், ஆறு தையல் இயந்திரங்கள், பின்சுவரோரம் நீளமாக ஒரு கழுவுதொட்டி. அந்தத் தொட்டியடியில் பதினான்கு வருஷமாக நின்றவர் பாத்திர அக்கா. நாங்கள் சமைத்துவிட்டுப் போட்டதையெல்லாம் கழுவுவார். தையல் வகுப்பு முடிந்ததும் ஊசிகளை எண்ணி டப்பாவில் போடுவார். ஒன்று குறைந்தாலும் எங்களை வெளியே விடமாட்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அத்தனை வருஷப் பாடத்தையும் காதில் வாங்கியிருக்கிறார் என்பது நான் பத்தாவது படித்த வருஷம்தான் தெரிந்தது.

ஒருநாள் என் மேலங்கியில் முட்டை சிந்திவிட்டது. வெந்நீரில் நனைக்கப் போன என்னை அக்கா தடுத்தார். பச்சைத் தண்ணீரில் அலசச் சொன்னார், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடுமாம். பக்கத்தில் நின்ற மனையியல் டீச்சர், ஏன் இறுகும் என்று என்னைக் கேட்டார்.

"முட்டையில புரதம் இருக்கு டீச்சர். சூடு பட்டா கெட்டியாயிடும்" என்று தொட்டிப் பக்கமிருந்து பதில் வந்தது. தட்டு தேய்க்கிற சத்தம்கூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே டீச்சர் அவரை உட்காரவைத்துப் பேசினார். தனியாகப் பணம் கட்டிப் பத்தாவது எழுதலாம், தேறினால் இதே அறையில் ஆய்வக உதவியாளராகலாம் என்றார். அக்கா வீட்டுக்குப் போய் அதைச் சிரிப்புக்கிடமான விஷயமாகச் சொன்னாராம். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவருடைய கணவர் சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டு நோட்டும் ஒரு பேனாவும் வாங்கி வந்தார். சாப்பிடும்போது புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். வைட்டமின் சி எதில் இருக்கிறது என்று கேட்டவருக்கு, "நீங்க தட்டோரமா ஒதுக்கி வச்சிருக்கீங்களே, அந்தத் தக்காளியில" என்று பதில் கிடைத்ததை, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வாயால் சொல்வது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேனாவைப் பிடித்தால்தான் விரல் மரத்துப்போகும். கணக்கு அவரைப் படாதபாடு படுத்தியது. எழுத்துத் தேர்வுகளை எப்படியோ எழுதி முடித்தார்.

செய்முறைத் தேர்வு எங்களோடு, எங்கள் அறையிலேயே. வேலைக்கு வரவேண்டாம் என்று டீச்சர் சொல்லியும், அன்று காலை ஆறு மணிக்கே வந்து எட்டு அடுப்பையும் துடைத்துவிட்டார். பிறகு வேறு புடவை மாற்றிக்கொண்டு, ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். காய்ச்சலிலிருந்து தேறுகிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு சமைக்க வேண்டும். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட வேண்டும். அக்காவின் கஞ்சியும் காய்கறி சூப்பும் சீக்கிரமே தயார். பாதி ஒட்டுத் தையலில் இருந்தார்.

அப்போதுதான் நான் பாலைக் கொட்டினேன். ஒரு லிட்டர். தரையெல்லாம் ஓடியது. அக்கா ஊசியைத் துணியில் குத்திவிட்டு, துடைப்பதற்குத் துணியோடு வந்து மண்டியிட்டுவிட்டார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இடத்துக்குப் போகும்படி இரண்டு தடவை சொன்னார். யாராவது வழுக்கி விழுவார்கள் என்று சொல்லி, அக்கா முழுக்கத் துடைத்த பிறகே போனார். மணி அடித்தபோது அவர் ஒட்டில் ஒரு பக்கம் தைக்காமல் நின்றது.

எல்லாரும் கிளம்பினோம். தொட்டியில் பாத்திரம் மலையாகக் குவிந்திருந்தது. அக்காவின் கை தானாகவே குழாய்க்குப் போனது. டீச்சர் குறுக்கே வந்தார்.

"இன்னைக்கு நீங்க பரீட்சை எழுத வந்தவங்க. வீட்டுக்குப் போங்க."

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே கழுவ ஆரம்பித்தார். அக்காவுக்குப் போகவும் மனமில்லை, நிற்கவும் தெரியவில்லை. வாசல்படியில் நின்றபடி, அடிப்பிடித்த பாத்திரத்தை முதலில் ஊறப்போடச் சொன்னார். டீச்சர் ஊறப்போட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தேறிவிட்டார். மனையியலில் எழுத்துக்குத்தான் நல்ல மதிப்பெண். பதினான்கு வருஷம் கைபழகிய செய்முறையில் குறைந்துவிட்டது. என்னால்தான் என்று அழுதுகொண்டே போய் நின்றேன். "பாலைப் பார்த்துட்டு எப்படிம்மா சும்மா உக்கார முடியும்?" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்குப் போனேன். தொட்டியடியில் வேறொரு பெண் இருந்தார். உதவியாளர் மேசைக்குப் பின்னால் அக்கா, கையில் பதிவேட்டோடு நின்றிருந்தார். நாற்காலியில் அவர் கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது. உட்காரமாட்டீர்களா என்று கேட்டேன்.

"பழகலம்மா. காலையில ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பார்த்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.