தாகோ போட்ட முத்திரை

தாகோபெர்த்தோ கஸ்ஸெரெஸுக்குத் தொழில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுவது, உயிர் பாட்டின்மேல். கார்த்தகேனா நகரின் ஒலாயாப் பகுதித் தெருக்களில் தாகோ என்றால்தான் அவனைத் தெரியும். சம்பேட்டா என்ற அந்த ஊர் ஆட்டப்பாட்டை எழுதி, தானே பாடி, தானே படமெடுத்து இணையத்தில் ஏற்றுவான். கைபேசியைக் கொடிக்கயிற்றில் கட்டி ஆட்டிவிடுவான், மின்விசிறியில் ஒட்டிச் சுழலவிடுவான். ஒருமுறை பக்கத்து வீட்டு வான்கோழியின் கழுத்தில் மாட்டிவிட்டு, அரை நாள் அதைத் துரத்தினான். அந்த வீடியோதான் அதிகம் ஓடியது.

"பார்த்தவங்க எல்லாம் வான்கோழியத்தான் பார்த்தாங்க," என்பாள் மனைவி எவர்லிதேஸ்.

அவள் வாசலில் முட்டை வைத்த அரேப்பா என்ற சோளமாவு அடையைப் பொரித்து விற்பவள். ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அவன் பல்லவியைத் தன் போக்கில் முணுமுணுத்தாள். தாகோ கைபேசியோடு ஓடிவந்தான்.

"நிறுத்தாத, அப்படியே பாடு. கரண்டியையும் தட்டு."

சட்டியின் சீறலும் கரண்டியும் தாளமாக, முழுப்பாட்டையும் அவளே பாடினாள். அவள் பாடிப் பதிவானது அந்த ஒரே முறைதான். பூரிப்பில் தாகோ அதை மதுக்கடையில் எல்லாம் போட்டுக்காட்டித் திரிந்தான்.

அந்த ஊரில் பாட்டு அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி. பிக்கோக்காரர்கள், அதாவது தெருவையே அதிரவைக்கும் ஒலிபெருக்கிகளின் முதலாளிகள், யாருடைய பாட்டையும் தங்கள் பெயரில் ஏற்றிவிடுவார்கள். அதற்குத்தான் முத்திரை. பாட்டின்மேல் சொந்தக்காரன் தன் பெயரைக் கத்திப் பதிவுசெய்வான். தாகோவின் பழைய பாட்டுகளை உபால்தோ என்ற பிக்கோக்காரன் அடித்துக்கொண்டு போய், அது கைகலப்பு வரை போயிருந்தது. அதனால் இந்தமுறை தாகோ மிச்சம் வைக்கவில்லை. வரிக்கு வரி, அவள் மூச்சு வாங்கும் இடத்தில்கூட, "தாகோ, இது தாகோவோடது" என்று கத்தி வைத்தான்.

"ஒரு வரியாவது என்னை முழுசாப் பாட விடுய்யா," என்றாள் எவர்லிதேஸ்.

"ஊரு பூரா திருட்டுப்பய. உனக்குத் தெரியாது, சும்மா இரு."

"என் குரலை எவன்யா திருடப் போறான்?" சிரித்துக்கொண்டே மாவு பிசையப் போய்விட்டாள்.

வீடியோவை ஏற்றிய கையோடு, அடுத்த படத்துக்குக் கைபேசியில் இடம் வேண்டும் என்று முத்திரை போடாத பதிவை அழித்தான். எல்லோரும் செய்வதுதான்.

மழைக்காலத்தில் எவர்லிதேஸ் டெங்குவில் போய்ச்சேர்ந்தாள்.

செத்தவளுக்காக வீட்டில் நடந்த ஒன்பது நாள் ஜெபத்தின் கடைசி நாளில் அக்காவின் பாட்டைப் போடவேண்டும் என்று தங்கை நுபிஸ் ஆசைப்பட்டாள். வீடியோவைக் கேட்டவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"மச்சான், இதுல அக்கா எங்க? நீங்கதான் கத்திக்கிட்டு இருக்கீங்க."

தாகோ பாட்டைச் சீர்செய்து கொடுக்கும் ஒஸ்னைதெரிடம் ஓடினான். அவன் கணினியில் என்னென்னவோ செய்துபார்த்துக் கையை விரித்தான்.

"உங்க குரலை எடுத்தா அண்ணியோடதும் சேர்ந்து போயிடுது. மாவுல போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியுமாண்ணே?"

திரும்பி வரும் வழியில்தான் தாகோவுக்கு அது உறைத்தது. முத்திரை போடுமுன் மதுக்கடைகளில் போட்டுக்காட்டினானே, அப்போது எவனாவது சுட்டிருக்க மாட்டானா? தன் பாட்டைத் திருடியிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினான். வண்டியை நேரே உபால்தோவின் கொட்டகைக்கு விட்டான்.

அவனைக் கண்டதும் உபால்தோ கையை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

"சண்டைக்கு வரல. எவர்லிதேஸ் பாடினதை நீ எடுத்து வச்சிருக்கியா? இல்லைன்னு மட்டும் சொல்லிடாத, உன் கால்ல விழுறேன்."

உபால்தோ தலையைச் சொறிந்தான். "எடுத்தேன்," என்று முனகிவிட்டுத் தேடிப் போட்டுவிட்டான்.

ஆளுயர ஒலிபெருக்கியில் எண்ணெய் சீறியது. கரண்டி தட்டியது. எவர்லிதேஸ் ஒரே ஒரு சொல் பாடினாள். தாகோ கும்பிட்ட கையோடு நின்றான்.

"தாகோ, இது தாகோவோடது," என்றது ஒலிபெருக்கி.

கடைசி வரை கேட்டான். ஒலிபெருக்கியின்மேல் நெற்றியை வைத்து அழுதான். உபால்தோ பக்கத்தில் வந்து நின்றான். பாராட்டினால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தான் போல.

"நீ நெட்டுல போட்டதுதான்யா இது. உன் பேரை வெட்டிடலாம்னு நானும் எவ்வளவோ பார்த்தேன், முடியல. கெட்டிக்காரன் நீ. ஒரு இடம்கூட விடல."