சிவப்புக் கண்ணாடியில் தெரியாத ரத்தம்

காஜா பெராங்கில் என் பக்கத்து வீட்டுக்காரருக்குள் துடிப்பது வேறொருவரின் இதயம். ஆண்டுதோறும் கையில் மருந்தேற்றி, கத்தி படாமல் அதன் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். இந்த ஆண்டு போக மறுக்கிறார். "வலிக்கவே இல்ல லா, எதுக்கு?" மாற்றிவைக்கும்போது நரம்புகள் அறுபடுவதால் குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் படம். இதைப் பல முறை சொல்லிவிட்டேன். வலிக்கவில்லை என்று மார்தட்டிய ஒருவன் என் எதிரிலேயே செத்ததைச் சொன்னதில்லை.

மெர்டேக்காவுக்கு, சுதந்திரத்துக்கு, ஏற்றிய கொடிகள் இன்னும் வெளுக்காத காலம். நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருந்தேன். செமாபோக் ஊர் லாரிக்காரன் ஒருவனுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் பலூன் போலப் புடைத்திருந்தது. அறுத்துச் சரிசெய்ய அப்போது இங்கே ஆள் இல்லை. மாதந்தோறும் எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் அவனை நிறுத்தி அதன் நிழலைப் பார்ப்போம், வளர்ந்திருக்கும், அனுப்பிவிடுவோம். இதற்குக் கண்காணிப்பு என்று பெயர். கோபப்படாதே என்பது டாக்டரின் மருந்து. வீட்டில் அவன் அதைச் சாப்பிடவில்லை. அவன் மனைவியின் ஒடிந்த கையை, அவன் சாவதற்கு முந்தின வாரம்தான் படம் எடுத்திருந்தேன்.

திரையின் பச்சை ஒளி மங்கலாகத்தான் இருக்கும். கண் இருட்டுக்குப் பழக, முன்னதாகவே சிவப்புக் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றும் உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரன் வந்தான். பின்னால் வெள்ளைச் சட்டையில் அவன் மைத்துனன். துணைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். விளக்கணைத்து, கண்ணாடியைக் கழற்றி, மிதியை அழுத்தினேன்.

புடைப்பு துடித்தது, முன்பைவிடப் பெரிது. திரையில் பக்கவாட்டிலிருந்து விரல் எலும்புகள் நீண்டன. அவற்றின் பிடியில் கன்னங்கரிய பாராங் கத்தி.

"அக்கா மண்டையப் பொளந்துட்டு இங்க வந்து நிக்கிறியா மச்சான்?"

"தம்பி, கத்திய எடு. லேசா அடிபட்டாலே உள்ள வெடிச்சிரும்" என்றேன்.

லாரிக்காரன் சிரித்தான். "எனக்கு வலியே இல்ல! ஐயா மாசாமாசம் இதத்தான் பாடுறாரு. குத்துடா, ஆம்பளையா இருந்தா!"

மைத்துனன் துடிக்கும் நிழலையே பார்த்தான். கத்தி திரையை விட்டு விலகியது. "நான் எதுக்கு? நீயே செத்துருவ போல."

கத்திக்கு அஞ்சாதவனுக்குக் கேலி பொறுக்கவில்லை. திரையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். இருட்டில் முஷ்டி சதையில் இறங்கும் சத்தம், மேசை கவிழும் சத்தம், யாரோ பல்லைத் துப்பும் சத்தம். "நாயே! நாயே! நா..." லாரிக்காரனின் குரல் பாதியில் நின்றது.

விளக்கைப் போட்டேன். லாரிக்காரன் தரையில், உதடு வெளுத்து, நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தான். அப்போதுதான் முதல்முறையாக வலித்திருக்க வேண்டும். டாக்டர் ஓடிவருவதற்குள் முடிந்தது.

மைத்துனனின் சட்டை முன்புறம் முழுக்க ரத்தம். சிவப்புக் கண்ணாடிக்கு வெள்ளையும் சிவப்பும் ஒன்றுதான். உள்ளே வந்தபோது அந்தச் சட்டை எனக்குச் சலவைச் சட்டை. தகவல் கேட்டு வந்த போலீஸ்காரர் அதைப் பார்த்ததும் அவன் கையைப் பின்னால் முறுக்கினார்.

"அது அவன் அக்கா ரத்தம் சார்" என்றேன். "செத்தவன் ரத்தம் அவன் நெஞ்சுக்குள்ளயே இருக்கு. அறுத்துப் பாருங்க."

அறுத்துப் பார்த்தார்கள். குழாயில் விரல் நுழையும் கிழிசல். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. தலையில் தையலோடு அக்கா வந்து தம்பியை அழைத்துப்போனாள். புருஷனைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.